க்ஷேத்ரஜன் முதல் விந்து வங்கி வரை

குழந்தை இல்லையென்றால் வரதய்யபாளையத்துப் பக்கமும் முதலில் மருமகளைத்தான் டாக்டரிடம் கூட்டிப் போகிறார்கள். மகனையும் சோதிக்கணும் என்றால் வீட்டில் பேச்சே நின்றுவிடும். 1973 முதல் 2011 வரை மேலைநாட்டு ஆண்களின் விந்தணுச் செறிவு பாதிக்குமேல் குறைந்ததாக 2017இல் ஓர் ஆய்வு காட்டியது.

முன்னோர் இக்குறையை ஒளிக்கவில்லை. விசித்திரவீரியன் பிள்ளையின்றி இறந்தான். சத்தியவதி வியாசரை அழைத்தாள். திருதராட்டிரனும் பாண்டுவும் பிறந்தனர். பெற்றவர் வியாசர், பிள்ளைகளோ விசித்திரவீரியன் பிள்ளைகள். இம்முறைக்கு நியோகம் என்று பெயர். அப்படிப் பிறந்தவன் க்ஷேத்ரஜன். வயலுக்கு உடையவனுக்கே விளைச்சல் என்ற கணக்கு. மனுநூல் ஒன்பதாம் அத்தியாயத்தில் இதை அனுமதித்துவிட்டு, சில சுலோகம் தள்ளி விலங்கு வழக்கம் என்று ஏசுகிறது!

எங்கள் சமண பாரதம் வேறு. கி.பி. 783இல் ஜினசேனர் முடித்த அரிவம்ச புராணத்தில் பாண்டவர் ஐவரும் பாண்டுவுக்கே பிறந்தவர்கள், கர்ணனும்கூட. கூச்சம் எங்களவருக்கும் இருந்தது போலும்.

2021ஆம் ஆண்டு இனப்பெருக்கத் துணைத் தொழில்நுட்பச் சட்டமும் பழைய கணக்கையே பின்பற்றுகிறது. குழந்தை தம்பதியருடையது, விந்து தந்தவருக்கு உரிமையில்லை. தருபவர் வயது 21 முதல் 55. ஒருவருடையது ஒரு தம்பதிக்கு மட்டுமே. ஆனால் ஒன்று புதுசு. வரப்போவது யாரென்று அம்பிகைக்குச் சொல்லவில்லை. வியாசரைக் கண்டு பயந்து கண்ணை மூடிக்கொண்டாள். இன்றோ எழுத்து மூலமான சம்மதமின்றி மருத்துவமனை சிகிச்சையைத் தொடங்கவே கூடாது.