எச்.ஐ.வி.யின் டாட் புரதம்: ஒரு துணைக்காரணியைத் தேடிய வரலாறு

மரபணுவில் பொதிந்துள்ள செய்தியை டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ.வாக எழுதியெடுக்கும் செயலுக்குப் படியெடுப்பு என்று பெயர். மனித உயிரணுவில் புரதங்களுக்கான மரபணுக்களைப் படியெடுப்பது ஆர்.என்.ஏ. பாலிமரேஸ்-2 என்னும் நொதியாகும். 1983இல் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் பிரித்தெடுக்கப்பட்ட எச்.ஐ.வி. வைரசுக்கு அத்தகைய நொதி சொந்தமாக இல்லை. சுமார் 9,700 நியூக்ளியோடைடு நீளமே உள்ள தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி மனிதக் குரோமோசோமில் செருகிவிடும் அது, அதன்பின் தன் மரபணுக்களைப் படியெடுக்க முழுவதும் ஓம்புயிரையே, அதாவது தான் குடியேறிய உயிரணுவையே, சார்ந்திருக்கிறது.

அந்தச் சார்பை வைரஸ் எவ்வாறு தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது என்னும் ஆய்வு 1985இல் தொடங்கியது. வைரஸ் மரபணுக்களின் வெளிப்பாட்டைப் பன்மடங்கு பெருக்கும் ஒரு சிறு புரதத்தின் மரபணுவை அமெரிக்காவின் இரண்டு ஆய்வுக் குழுக்கள் அவ்வாண்டு அறிவித்தன. ஏறத்தாழ நூறு அமினோ அமிலங்களே கொண்ட அப்புரதத்துக்கு டாட் என்று பெயரிடப்பட்டது. படியெடுப்பைத் தூண்டும் புரதங்கள் மரபணுவின் தொடக்கத்துக்கு முன்னுள்ள டி.என்.ஏ. பகுதிகளில் செயற்படுவதே வழக்கமாக இருக்க, டாட்டுக்குத் தேவையான டார் என்னும் பகுதியோ படியெடுப்பு தொடங்கும் புள்ளிக்கு அப்பால் நீண்டிருந்தது. ஆகவே டாட் படியெடுப்பைத்தான் கூட்டுகிறதா, அல்லது எழுதி முடிந்த ஆர்.என்.ஏ.வின் பயன்பாட்டைக் கூட்டுகிறதா என்ற கருத்து வேறுபாடு சில ஆண்டுகள் நீடித்தது.

1987இல் கலிபோர்னியாவின் பீட்டர்லின் குழுவினர் வெளியிட்ட ஆய்வு அந்த விவாதத்தின் திசையை மாற்றியது. டாட் இல்லாத உயிரணுக்களிலும் பாலிமரேஸ் வைரஸ் மரபணுவைப் படியெடுக்கத் தொடங்குகிறது என்பதையும், ஆனால் தொடங்கிய சிறிது தொலைவிலேயே நின்றுவிடுவதால் குட்டையான ஆர்.என்.ஏ. துண்டுகளே தேங்குகின்றன என்பதையும், டாட் வந்ததும் முழுநீள ஆர்.என்.ஏ. உருவாகிறது என்பதையும் அவர்கள் காட்டினர். தடை இருந்தது படியெடுப்பின் தொடக்கத்தில் அன்று, அதன் நீட்சியில்தான் என்பது இதனால் புலப்பட்டது.

புதிதாக எழுதப்பட்ட ஆர்.என்.ஏ.வின் முன்முனை தன்மேல் தானே மடிந்து, நடுவில் ஒரு புடைப்பும் உச்சியில் ஒரு வளையமும் உடைய கொண்டையூசி வடிவம் பெறுகிறது. இதுவே டார். டாட் பற்றுவது புடைப்பை; எனினும் வளையத்தின் எழுத்துகளை மாற்றினாலும் உயிரணுவுக்குள் டாட்டின் ஆற்றல் அழிந்துபோனது. எனவே வளையத்தைப் பற்ற ஓம்புயிரின் காரணி ஒன்று இருக்க வேண்டும் என்ற ஊகம் எழுந்தது. கொறிவிலங்குகளின் உயிரணுக்களில் டாட் நலிவாகவே செயற்பட்டதும், அவற்றுக்குள் மனிதனின் 12ஆம் குரோமோசோமைச் சேர்த்தவுடன் அதன் செயல் ஓங்கியதும் அந்த ஊகத்துக்கு வலுவூட்டின. தேடப்பட்ட காரணி இன்னதென்று தெரியாதபோதே அதன் மரபணு இருக்கும் குரோமோசோம் தெரிந்துவிட்டது.

விடை வைரஸ் ஆய்வுக்கு வெளியிலிருந்தும் வந்தது. படியெடுப்பின் நீட்சியைத் தடுக்கும் டி.ஆர்.பி. என்னும் வேதிப்பொருளின் செயலை ஆராய்ந்த அயோவா பல்கலைக்கழகத்தின் டேவிட் பிரைசும் நிக்கோலஸ் மார்ஷலும், நின்றுவிட்ட பாலிமரேசை மீண்டும் நகர்த்தும் பி-டெஃப்-பி என்னும் காரணியைப் பழ ஈயின் உயிரணுக்களிலிருந்து 1995இல் தூய்மைப்படுத்தினர். பாலிமரேசின் வால்பகுதியில் பாஸ்பேட்டைச் சேர்க்கும் கைனேஸ் வகை நொதி அது. டாட்டுடன் ஒட்டிக்கொண்டு அதே வேலையைச் செய்யும் மனிதக் கைனேஸ் ஒன்று இருப்பதை ஹூஸ்டனில் ஹெர்மனும் ரைசும் 1993இலேயே கண்டிருந்தனர். இரண்டும் ஒன்றே என்பது 1997இல் தெளிவாகி, அக்கைனேஸ் சி.டி.கே-9 என்று பெயர் பெற்றது.

அக்கைனேசின் இணைபுரதமான சைக்ளின் டி-1ஐ 1998இல் சால்க் நிறுவனத்தைச் சேர்ந்த கேத்தரின் ஜோன்சின் குழு அடையாளம் கண்டது. டாட்டுடன் சேர்ந்து டாரின் வளையத்தைப் பற்றும் அப்புரதத்தின் மரபணு, முன்பே சுட்டப்பட்ட 12ஆம் குரோமோசோமிலேயே இருந்தது. மனித சைக்ளின் டி-1இன் 261ஆம் இடத்தில் சிஸ்டீன் என்னும் அமினோ அமிலம் இருக்க, எலியின் புரதத்தில் அதே இடத்தில் டைரோசின் இருப்பதும், அந்த ஒன்றை மாற்றினால் எலியின் புரதமும் டாட்டுக்குத் துணைபுரிவதும் அதையடுத்துத் தெரியவந்தன. கொறிவிலங்குகளின் உயிரணுக்களில் டாட் நலிந்திருந்ததன் காரணம் இவ்வாறு ஓர் அமினோ அமிலத்தில் வந்து நின்றது.

பி-டெஃப்-பி வைரசுக்கென அமைந்ததன்று. அது உயிரணுவின் அன்றாடக் கருவி. 1970களிலிருந்து அறியப்பட்டும் பயன் விளங்காதிருந்த, சுமார் 330 நியூக்ளியோடைடு கொண்ட 7எஸ்கே என்னும் ஆர்.என்.ஏ. இக்காரணியின் கணிசமான பங்கைச் செயலற்ற நிலையில் பிடித்துவைக்கிறது என்று 2001இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. டாட் அந்தப் பிடியிலிருந்து அதை விடுவித்துத் தன்னிடம் சேர்த்துக்கொள்கிறது. தொடக்கத்துக்கு அருகே பாலிமரேஸ் காத்து நிற்பது பழ ஈயின் வெப்ப அதிர்ச்சி மரபணுக்களில் 1980களிலேயே காணப்பட்டிருந்தது. விலங்கு மரபணுக்கள் பலவற்றுக்கும் அது பொது என்பதை 2007ஆம் ஆண்டளவில் வெளிவந்த முழுமரபணுத்தொகுதி ஆய்வுகள் நிறுவின. வைரசில் விதிவிலக்காகத் தோன்றியது ஓம்புயிரின் நடைமுறையாகவே இருந்தது.

மருத்துவத்தின் இடர்ப்பாட்டுக்கும் இதுவே காரணமாயிற்று. சி.டி.கே-9ஐ முடக்கும் மருந்து வைரசின் படியெடுப்பை நிறுத்தும்போதே உயிரணுவின் சொந்தப் படியெடுப்பையும் நிறுத்திவிடக்கூடும். எச்.ஐ.வி.க்கு எதிராக இன்று வழங்கப்படும் மருந்துகள் வைரசின் நுழைவையும், ஆர்.என்.ஏ. டி.என்.ஏ.வாக மாறுவதையும், குரோமோசோமில் செருகப்படுவதையும், புரதங்கள் வெட்டப்படுவதையும் தடுக்கின்றனவேயன்றி, ஏற்கெனவே செருகப்பட்ட வைரஸ் மரபணுவின் படியெடுப்பைத் தடுப்பதில்லை.