ஆணி அடிக்காத செருப்பு

என் அப்பா தொழுநோய்க்காரர்களுக்குச் செருப்புத் தைத்தார். நான் சர்க்கரைக்காரர்களுக்குத் தைக்கிறேன். செருப்பு ஒன்றுதான்.

வேலூர் பக்கம் பட்டறை வைத்திருக்கிறேன். போன மாதம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்தார். இடது காலில் பெருவிரலுக்குக் கீழே ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் காய்த்துப்போயிருந்தது. அழுத்தினேன், அவர் பேப்பர் படித்துக்கொண்டே இருந்தார். தைத்து முடித்துக் காட்டியதும் முகம் சுருங்கிவிட்டது. "என்னப்பா, இது அந்த வியாதிக்காரங்க போடுற செருப்பாச்சே!"

ஆமாம் சார், அதேதான்.

1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார் டாக்டர் பால் பிராண்ட். வெள்ளைக்காரர், ஆனால் பிறந்தது நம் கொல்லிமலையில், 1914இல். செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தைப் போய்ப் பார்த்த பிறகு அவர் கவனம் அந்தக் கைகால்கள் மேல் திரும்பியது. வியாதியே சதையை அழுகவைக்கிறது, புண் ஆறாது என்றுதான் அன்றைக்கு டாக்டர்களே நம்பினார்கள். மாவுக்கட்டுப் போட்டுக் காலுக்கு ஓய்வு கொடுத்தால் அதே புண் ஆறிவிடுகிறது என்று அவர் கண்டார். குற்றவாளி நடைதான். ஓரிடம் நொந்தால் நாம் நம்மை அறியாமலே காலைச் சற்றுச் சாய்த்து வைப்போம். நரம்பு செத்த காலுக்கு அந்தப் புத்தி கிடையாது. நொந்த இடத்திலேயே ஆயிரம் தடவை மிதிக்கும். ஆறிய புண் மறுபடி வராமலிருக்க வேண்டுமானால் செருப்பை மாற்ற வேண்டும்.

அதற்காக மரக்கட்டையில் செய்து பார்த்தார்கள், பிளாஸ்டிக்கில் செய்து பார்த்தார்கள். கடைசியில் நிலைத்தது எம்.சி.ஆர். என்று நாங்கள் சொல்லும் ரப்பர். பஞ்சு மாதிரி உள்ளே பொடிப்பொடியாய்க் காற்றறைகள். 1955இல் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் வந்தது. அந்தக் காலத்தில் இந்தத் தொழிலைக் கற்றவர்களில் என் அப்பாவும் ஒருவர்.

மீட்டர் எதுவும் அவரிடம் இருந்ததில்லை. ரப்பரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்துவார். பாதிக் கனத்துக்கு அமுங்க வேண்டும். விட்டதும் எழும்ப வேண்டும். அமுங்கியது எழும்பாவிட்டால் அந்தத் தகட்டை ஓரமாகப் போட்டுவிடுவார். அடியில் பழைய டயர், முள் ஏறாமலிருக்க. ஆணி மட்டும் கூடாது, பசையும் தையலும்தான். குதிகாலைச் சுற்றிப் பின்பட்டை கட்டாயம், ஏனென்றால் மரத்த காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்தாலும் போட்டவனுக்குத் தெரியாது, வெறுங்காலோடு நடந்துகொண்டே போவான்.

வைத்தியம் சரி, ஊர் வாயை என்ன செய்வது? கறுப்பு ரப்பர், பின்பட்டை என்றாலே 'அந்தச் செருப்பு' என்று ஆகிவிட்டது. அப்பாவிடம் வாங்கிய ஒருவர் தங்கை கல்யாணத்துக்குப் போகையில் அதைப் பைக்குள் வைத்துவிட்டு வெறுங்காலோடு போனார். மண்டபத்து வாசலில் சுடுமணல். திரும்பி வந்தபோது இரண்டு பாதத்திலும் கொப்புளம். அப்பா அவரைத் திட்டவில்லை. அடுத்த ஜோடியைப் பழுப்பு நிறத் தோல்பட்டை வைத்துத் தைத்தார்.

பிராண்ட் 1966இல் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே கற்றதும் செய்ததும் சர்க்கரைக்காரர்களின் கால் வைத்தியத்துக்குள் போயின. பாதத்தோடு ஒட்டிப் போடும் மாவுக்கட்டு அப்படிப் பரவியதுதான். வழி வேறு, வலி தெரியாத கால் ஒன்றுதானே. சுற்றிவந்து அது மறுபடி நம்மூருக்கே வந்தது. சென்னை ராயபுரத்து எம்.வி. நீரிழிவு மருத்துவமனைக்காரர்கள் 241 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. கெட்டி அட்டை வைத்த சொந்தச் செருப்போடு நடந்தவர்களில் நூற்றுக்கு 33 பேருக்குப் புதிதாகப் புண். எம்.சி.ஆர். போன்ற மருத்துவச் செருப்பு போட்டவர்களில் நூற்றுக்கு 4 பேருக்கு. கட்டைவிரலால் அப்பா பார்த்த கணக்குக்கு இலக்கம் கிடைத்துவிட்டது.

இப்போது கடைக்குக் கடை 'டயபடிக் செருப்பு' தொங்குகிறது. மெத்தென்று இருக்கும், ஒரே மாதத்தில் அப்பளமாகிவிடும். அப்படி ஒன்றைப் போட்டுத்தான் என் மாமியார் ஒரு விரலை இழந்தார். பெயரில் சர்க்கரை இருந்தால் போதாது, அழுத்திப் பாருங்கள்.

தலைமையாசிரியருக்கு மரநிறப் பட்டை, வெல்க்ரோ எல்லாம் வைத்துக் கொடுத்தேன். உள்ளே இருப்பது அதே எம்.சி.ஆர். ரப்பர்தான். அவரும் கேட்கவில்லை, நானும் மறுபடி சொல்லவில்லை.

நீங்கள் வருவதானால் சாயங்காலம் வாருங்கள், கால் சற்று வீங்கியிருக்கும்போதுதான் சரியான அளவு கிடைக்கும். பழைய செருப்பைத் தூக்கி எறிந்துவிட்டு வராதீர்கள். எந்த இடம் குழிந்திருக்கிறது என்று நான் அதில்தான் பார்க்க வேண்டும்.