கிளிக்கு மனநல மாத்திரை வந்த கதை

நண்பர் வீட்டுக் காக்கட்டூவைப் பார்த்து அதிர்ந்துபோனேன். நெஞ்சு முழுக்க மொட்டை. தலையில் மட்டும் இறகு அப்படியே இருந்தது. காரணம் சிம்பிள்தான்: தன் இறகைத் தானே பிடுங்குகிறது, அலகு தலைக்கு மட்டும் எட்டாது. "மனுஷங்களுக்குக் கொடுக்கிற டிப்ரஷன் மாத்திரையைத்தான் டாக்டர் எழுதியிருக்கார். கொடுக்கலாமாடா?" என்றார். அங்கே ஆரம்பித்தது என் தேடல்.

மாத்திரையின் பெயர் குளோமிப்ரமின். 1960-களில் சுவிட்சர்லாந்தின் கெய்கி நிறுவனம் மனச்சோர்வுக்காகக் கொண்டுவந்தது. திரும்பத் திரும்பக் கை கழுவிக்கொண்டே இருப்பார்களே, அந்த ஓசிடி நோய்க்கும் கேட்கும் என்று பிறகு தெரிந்தது. 1989-ல் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது. 1992-ல் ஜூடித் ராப்பபோர்ட் குழு, காலைப் புண்ணாகும்வரை நக்கும் நாய்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தது. நக்குவது குறைந்தது.

கை கழுவும் மனிதர், கால் நக்கும் நாய். அடுத்து இறகு பிடுங்கும் கிளிதானே? 2004-ல் லின் சீபர்ட் குழு 11 காக்கட்டூக்களை எடுத்து, சிலவற்றுக்கு மருந்தும் மற்றவற்றுக்குப் போலி மருந்தும் 6 வாரம் கொடுத்தது. மருந்து சாப்பிட்டவை கூடுதலாகத் தேறின. சின்ன ஆய்வுதான், ஆனால் பலன் நிஜம்.

ஏறக்குறைய அதே காலத்தில் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஷெரில் மீஹன் குழு மாத்திரையே இல்லாமல் இன்னொன்றைச் செய்தது. சில அமேசான் கிளிகளுக்கு வெறும் கூண்டு. மற்றவற்றுக்குத் தேடிக் குடைந்து எடுக்கும்படி உணவு, ஏறி விளையாடப் பொருட்கள். வெறும் கூண்டில் இருந்தவற்றின் இறகு மோசமானது. பிறகு அவற்றுக்கும் அதே வசதி செய்து தந்தபோது தேறின!

நம்ம சாஃப்ட்வேர் பாஷையில், லாக்கில் வரும் எர்ரரை அடக்கினால் பக் போய்விடாது. காட்டில் பல மணி நேரம் இரை தேடும் பறவை, கூண்டில் கிண்ணத்தைச் சீக்கிரமே காலி செய்துவிடுகிறது. மீதிப் பொழுதுக்கு அதன் அலகுக்கு என்ன வேலை?

அதற்காக மாத்திரை வீண் என்று சொல்லவில்லை. தோல் தொற்று, துத்தநாக நஞ்சு போன்றவை இல்லை என்று பறவை மருத்துவர் உறுதிசெய்த பிறகு, மாத்திரை கொஞ்சம் அவகாசம் வாங்கித் தரும். அந்த அவகாசத்தில் கூண்டை மாற்ற வேண்டியது நாம்தான்.

நண்பரிடம் இதைத்தான் சொன்னேன். இப்போது மாத்திரையும் போகிறது, கடலையைக் காகிதத்தில் சுற்றி ஒளித்தும் வைக்கிறார். வேர் கெட்ட இடத்தில் இறகு திரும்ப முளைக்காமலும் போகலாம். ஆனால் காகிதத்தைக் கிழிக்கும் நேரத்தில் அது தன்னைக் கிழிப்பதில்லை.