அறிவியல் கேமராவின் நேர முறைகள்

ஒவ்வொரு பிரேமும் எந்தக் கணத்தில் தொடங்கி எந்தக் கணத்தில் முடியும் என்பதைத் தீர்மானிக்கும் ஏற்பாடே அறிவியல் கேமராவின் நேர முறை. கேமரா தன் உட்கடிகாரத்தின்படி ஓயாமல் எடுத்துக்கொண்டே போனால் அது தொடர் ஓட்டம். வெளியிலிருந்து மின்துடிப்பு வந்ததும் எடுத்தால் வெளி டிரிகர். துடிப்பு நீடிக்கும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும் வகையும் உண்டு. கணினியின் கட்டளைக்குக் காத்திருப்பது மென்பொருள் டிரிகர். இதில் தாமதம் பிரேமுக்குப் பிரேம் மாறும் என்பதால் அளவீட்டுக்கு இது கடைசித் தேர்வு. வெளி டிரிகரே எப்போதும் துல்லியமானது என்ற எண்ணம் ஆய்வகங்களில் ஊறிப்போயிருக்கிறது. லேசர் துடிப்பு, தீப்பொறி என ஆய்வாளரே தூண்டிவிடும் நிகழ்வுகளில் அது உண்மைதான். ஆனால் தானாக நேரும் நிகழ்வுக்கு ஏற்றது தொடர் ஓட்டம். கூடவே ஒவ்வொரு பிரேமிலும் வன்பொருள் பதிக்கும் நேர முத்திரை வேண்டும்.

2019 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த வளைய சூரிய கிரகணத்தைக் கொண்டு இதைச் சோதிக்கலாம். கோயம்புத்தூர், திண்டுக்கல், யாழ்ப்பாணம் வழியே வந்த நிழல், மலேசிய நேரம் பிற்பகல் ஒரு மணிக்குப் பிறகு ஜொகூரின் தென்முனையைத் தொட்டது. பொந்தியான் மாவட்டத்தின் தஞ்சோங் பியாயில் பெருங்கூட்டம் திரண்டது. சுமத்ராவின் ரியாவ் பகுதியில் வளையம் அதிகபட்சமாக 3 நிமிடம் 39 வினாடி நீடித்தது. நிலவின் தோற்ற விட்டம் சூரியனுடையதில் 97 விழுக்காடு. விட்ட வேறுபாடு ஏறத்தாழ 58 வில்வினாடி. அதைக் கால அளவால் வகுத்தால், நிலவு சூரியன்மீது வினாடிக்குச் சுமார் 0.27 வில்வினாடி நகர்ந்தது தெரியும். வளையம் தோன்றும்போதும் உடையும்போதும் நிலவின் பள்ளத்தாக்குகளில் மின்னும் பெய்லி மணிகளின் நேரத்தைக் கொண்டு சூரியனின் ஆரத்தைக் கணிக்கலாம். 1891இல் வானியலாளர் ஆவேர்ஸ் தந்த மதிப்பு 959.63 வில்வினாடி, அண்மைக் காலக் கிரகண அளவீடுகள் சில 960ஐ ஒட்டி வருகின்றன. ஆக, கால அளவில் சுமார் மூன்று வினாடி பிசகினாலே இந்த வேறுபாடு முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

கேமராவின் கடிகாரம் ஒரு வினாடி முந்தியிருந்தால் என்ன, தொடக்கமும் முடிவும் சேர்ந்தே நகரும், கால அளவு மாறாதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிழை நிலையாக இருந்தால் அது கழிந்துதான் போகும். ஆனால் கணினி திணறும்போது விடுபடும் பிரேம்கள் நிலையான பிழை அல்ல. வினாடிக்கு 100 பிரேம் எடுக்கும் பதிவில் 100 பிரேம் விடுபட்டு, பிரேம்களை எண்ணியே நேரம் கணக்கிட்டால், ஒரு வினாடி காணாமல் போகும். கோப்பைப் பார்த்தால் அது தெரியவும் தெரியாது. ஜிபிஎஸ் கருவி வினாடிக்கொருமுறை தரும் துடிப்பைக் கேமராவின் நேர உள்ளீட்டில் இணைத்தாலோ, அந்தத் துடிப்பில் மின்னும் எல்.இ.டி. ஒன்றைப் படத்தின் மூலையில் விழச் செய்தாலோ இந்த ஓட்டை அடைபடும்.

வரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும் ரோலிங் ஷட்டரைப் பற்றிய அச்சம் இங்கே மிகை. 2048 வரிசை கொண்ட சென்சாரில் முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் 10 மில்லிவினாடி இடைவெளி இருந்தாலும், அது 0.003 வில்வினாடிகூட வராது. சுழலும் விசிறி இதழைப் படமெடுக்கையில் அதே 10 மில்லிவினாடி இதழை வளைத்துக் காட்டும். நானோவினாடி லேசர் துடிப்பு சில வரிசைகளில் பதிந்து மற்றவற்றில் பதியாமல் போகலாம். அங்கே எல்லா வரிசைகளையும் ஒரே கணத்தில் திறக்கும் குளோபல் ஷட்டர் வேண்டும்; இல்லையேல் எல்லா வரிசைகளும் ஒருசேரத் திறந்திருக்கும் இடைவெளியில் லேசரைச் சுடும்படி டிரிகரைத் தாமதப்படுத்த வேண்டும்.

தென் ஜொகூருக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. வளையப் பாதையின் வடவிளிம்பு அவ்வழியே சென்றது. விளிம்பருகே நிலவு சூரியனின் ஓரத்தை உரசிக்கொண்டு போவதால் மணிகள் நெடுநேரம் நீடிக்கும். அங்கே நேரப் பிழையைவிட நிலையத்தின் இடப் பிழை கூடுதலாகக் கெடுக்கும். விளிம்பிலும் நடுக்கோட்டிலுமாக இரு நிலையங்களின் பிரேம்களை ஒரே கணத்தில் எடுத்து ஒப்பிட வேண்டுமென்றால் மட்டும், இரு கேமராக்களையும் ஜிபிஎஸ் துடிப்பால் டிரிகர் செய்வதில் பொருள் உண்டு. அதற்கு விலையும் உண்டு: பல சென்சார்களில் டிரிகர் முறையில் ஒரு பிரேமைப் படித்து முடித்த பிறகே அடுத்தது தொடங்கும் என்பதால் வேகம் குறையும்.