குப்பைக்குப் போகாத காலம்

வேஸ்ட் பொருள்ல வீட்டு அலங்காரம்னு செல்போனைத் திறந்தா தினம் நாலு வீடியோ வருது. பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம மூங்கில்துறைப்பட்டு பக்கம் இது ஒண்ணும் புதுசில்ல. பேருகூட வைக்காம நம்ம ஆயா காலத்துப் பொம்பளைங்க செஞ்சிக்கிட்டு இருந்த வேலைதான். அந்தக் கதையை எழுதி வைக்கலாம்னு தோணுச்சு.

முதல்ல பேப்பர் கூடை. கிராமத்துக்குப் பேப்பர் வந்ததே பிற்பாடுதான். 1942-ல் சி.பா. ஆதித்தனார் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கினார். அதுக்கப்புறம்தான் டீக்கடை பெஞ்சு வரைக்கும் செய்தித்தாள் நடந்து வந்தது. படிச்சு முடிச்ச தாளும், பிள்ளைங்க எழுதித் தீர்த்த நோட்டும் வீட்ல சேர்ந்துச்சு. அதைக் கிழிச்சு ரெண்டு மூணு நாள் தண்ணியில ஊறப்போடுவாங்க. ஊறவச்ச வெந்தயத்தையும் சேர்த்து ஆட்டுக்கல்லுல மைய ஆட்டுவாங்க. ஒரு பானையையோ குண்டானையோ கவுத்து, மேல ஈரத்துணி போர்த்தி, அந்தக் கூழை ஒரே கனமா அப்பி வெயில்ல காயப்போட்டா, காஞ்சதும் கழண்டு வந்துடும். வெந்தயத்தோட பிசுபிசுப்பு பசை மாதிரி பிடிச்சுக்கும். அந்தக் கசப்புக்குப் பூச்சியும் அண்டாதுன்னு சொல்வாங்க. மேல கலர்த்தாள் ஒட்டினா அழகுக்கு அழகு, பயறு போட்டு வைக்கக் கூடைக்குக் கூடை. ஓட்டை விழுந்த மூங்கில் முறத்தையும் இதே கூழால மெழுகி இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டிடுவாங்க. இதே காகிதக்கூழில் பொம்மை செய்யற கைவேலைக்குப் புதுச்சேரி திருக்கனூர் புவிசார் குறியீடு வாங்கியிருக்கு.

அடுத்து, உடைஞ்ச கண்ணாடி வளையல். பெரும்பாலும் உத்தரப்பிரதேசத்து பிரோசாபாத்துல இருந்து வர்ற வளையல்தான் அது. துண்டோட ரெண்டு முனையையும் விளக்குச் சுடர்ல காட்டி, இளகினதும் வளைச்சு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்தா சங்கிலி. பத்துப் பதினஞ்சு சங்கிலியை வாசப்படியில தொங்கவிட்டா அதான் திரை. காத்தடிச்சா சலசலன்னு சத்தம் கேக்கும். காசு செலவே கிடையாது, கைச்சூடுதான் செலவு.

பழைய புடவை முதல்ல குழந்தைக்கு ஏணை. அப்புறம் தலையணை உறை, கிழிச்சுப் பின்னினா கால்மிதி, கடைசியில கரித்துணி. சிவகாசி காலண்டர்ல வருஷம் முடிஞ்சாலும் சாமி படம் முடியாது, கண்ணாடி போட்டுச் சுவத்துல மாட்டிடுவாங்க. மிச்சம் மீதி இருந்தா தெருவுல பேரீச்சம்பழக்காரர் வருவார். பழைய இரும்பை எடுத்துக்கிட்டுப் பழம் குடுப்பார்.

எல்லாமே நல்லதுன்னு சொல்லிட முடியாது. மருந்து பாட்டில் மூடியில ஓட்டை போட்டுத் திரி விட்ட மண்ணெண்ணெய் விளக்கு சாஞ்சுதுன்னா ஆபத்துதான். இலங்கையில இப்படி தீக்காயப்பட்டு வந்தவங்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் விஜய கொடகும்புர, குட்டையான, கனமான, இறுக்கமான திருகுமூடி போட்ட விளக்கை உருவாக்கினார். சாஞ்சாலும் உருளாது. 1998-ல் அதுக்கு ரோலெக்ஸ் விருது கிடைச்சுது. அவருக்கு வழி காட்டினதும் ஒரு குட்டையான மார்மைட் பாட்டில்தானாம்!

நம்ம கரும்புக்கும் இதுல பங்கு உண்டு. சர்க்கரை ஆலையில சாறு பிழிஞ்சதும் சக்கையைக் கொதிகலன்ல எரிப்பாங்க. அந்தச் சக்கையில காகிதம் செய்யறதுக்காகவே 1979-ல் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தை அரசு தொடங்கிச்சு. இன்றைய கரூர் மாவட்டம் காகிதபுரத்துல அந்த ஆலை இருக்கு. ஆலைங்களுக்கு வேற எரிபொருளுக்கு வழி பண்ணிக் குடுத்துட்டு சக்கையை வாங்கிக்குவாங்க. வயல்ல வெட்டின கரும்பு, சக்கையாகி, தாளாகி, கடைசியில கூடையாகவும் ஆகலாம்னா பாருங்க.

அப்போ எதுதான் மாறிச்சு? பொருள்தான் மாறிச்சு. பேப்பர் கூடையும் கோரைப்பாயும் நைஞ்சு போனா எருக்குழிக்குப் போகும், மண்ணாயிடும். பாலித்தீன் அப்படிப் போகாது. 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயலுக்குத் தென்பெண்ணையில வெள்ளம் வந்து வடிஞ்சப்புறம், கரையோர முள்ளுல தொங்கினது பூராவும் பாலித்தீன் பைதான். ஏர் ஓட்டினாலும் அதுதான் கொழுவுல மாட்டுது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டுல தடை. 2021 டிசம்பர்ல 'மீண்டும் மஞ்சப்பை' வந்துச்சு. சட்டம் வந்தது நல்லதுதான். ஆனா தெர்மாகோலையும் பிளாஸ்டிக் பூவையும் காசு குடுத்து வாங்கி ஒட்டிட்டு அதை மறுசுழற்சின்னு சொன்னா கணக்கு உதைக்குதே.

போகி வந்தா பழசைக் கொளுத்தறோம். அந்தக் காலத்துல எரிஞ்சது பாயும் முறமும். இப்ப டயரும் பிளாஸ்டிக்கும் எரிஞ்சு பிள்ளைங்க இருமுது. இந்தப் போகிக்குப் பழைய நோட்டையும் புடவையையும் தனியா எடுத்து வைங்க. கால் கிலோ தாளுக்கு ஒரு கைப்பிடி வெந்தயம் போதும். வீட்ல ஆயா இருந்தா பக்கத்துல உட்கார்ந்து பதம் கேட்டுக்குங்க. கூழை எவ்வளவு கெட்டியா ஆட்டணும்னு அவங்க கைக்குத்தான் தெரியும்.