கம்பம் பள்ளத்தாக்கும் அரபு லிபிக் காசுகளும்

அரபு லிபியில் பொறிக்கப்பட்டவை யாவும் அரபு மொழியே என்று கொண்டுவிடுவது, பழங்காசுகளை ஆராயப் புகும் நம்மவருக்கு நேரும் முதற்பிழை. கம்பம் பள்ளத்தாக்கில் உழவுசாலிலோ, வீட்டுக்கு வானம் தோண்டிய குழியிலோ, பாட்டியார் பத்திரப்படுத்திய சிறு பெட்டியிலோ அத்தகைய காசு ஒன்று கிடைத்தால், அதை எடுத்துக்கொண்டு கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ ஓதத் தெரிந்த ராவுத்தர் பெரியவர் ஒருவரிடம் செல்வது இயல்பேயாகும். ஆயினும், திருக்குர்ஆனை உயிர்க்குறிகளோடு பிழையற ஓதிப் பழகிய அப்பெரியவருக்கே, குறிகளும் பல வேளைகளில் புள்ளிகளுங்கூட இன்றி, வட்டத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட நாணய எழுத்து எளிதில் வசப்படுவதில்லை. எழுத்து வசப்பட்டாலும் மொழி பாரசீகமாக இருக்குமாயின் பொருள் வசப்படுவதில்லை.

இந்தப் பிராந்தியத்தின் சரித்திரத்தை நினைத்தால் அரபு லிபி பொறித்த பல வகைக் காசுகள் இங்கே வழங்கியதற்குக் காரணம் விளங்கும். 14ஆம் நூற்றாண்டில் மதுரையில் சுல்தான்கள் ஆண்டனர்; நாயக்கர் காலத்துக்குப் பின் ஆர்க்காட்டு நவாபின் அதிகாரம் தெற்கே பரவியது; கம்பமும் கூடலூரும் பாளையங்களாக அடங்கியிருந்த திண்டுக்கல் சீமையில் 1755இல் ஹைதர் அலி கால்வைத்தார்; அவர் மைந்தர் திப்பு சுல்தான் அதனை 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி கிழக்கிந்தியக் கும்பினியாருக்கு விட்டுக்கொடுத்தார். கும்பினியாரோ ஆங்கிலேயராயிருந்தும் பாரசீக எழுத்தைக் கைவிடவில்லை. ஒரு பக்கம் தங்கள் விருதுச் சின்னத்தையும் 1803 என்ற ஆண்டையும் பொறித்து, மறுபக்கத்தில் இருபது காசு நான்கு பலூஸுக்குச் சமம் என்று பாரசீகத்தில் எழுதி அவர்கள் வெளியிட்ட செப்புக்காசு, இங்கிலாந்தில் பர்மிங்ஹாமுக்கு அருகே மாத்யூ போல்டனின் சோஹோ நாணயச்சாலையில் அச்சடிக்கப்பட்டு, கடல்கடந்து சென்னைக்கு வந்தது. 1808ஆம் ஆண்டு பொறித்த அத்தகைய காசுகளை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' என்னும் கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. நம் சந்தைகளில் புழங்கவேண்டிய செம்பு, ஏறத்தாழ நூற்றெழுபத்தைந்து ஆண்டுகள் அக்கடலடியிலேயே கிடந்தது.

எழுத்தை அடுத்து ஆராயவேண்டியது ஆண்டு. ஹிஜ்ரி சந்திர வருஷமாதலின், அதில் முப்பத்துமூன்றில் ஒரு பங்கைக் கழித்து 622ஐக் கூட்டினால் நம் கிறிஸ்து ஆண்டு கிடைக்கும். அரபு எண்களில் மேல்நோக்கித் திறந்த கோணம் ஏழு, கீழ்நோக்கித் திறந்த கோணம் எட்டு. காசைத் தலைகீழாகப் பிடித்தவன் நூறு வருஷம் வழிதவறிப் போவான். இதனினும் பெரிய இடர் ஆண்டெண்ணே உண்மையை உரையாமல் இருப்பது. முகலாய மன்னர் இரண்டாம் ஆலம்கீரின் ஆறாம் ஆட்சியாண்டும் ஹிஜ்ரி 1172ம் பொறித்த ஆர்க்காட்டு ரூபாயை, அம்மன்னர் 1759இல் கொலையுண்டு பல்லாண்டுகள் சென்றபின்னும், கும்பினியார் சென்னையில் அதே எழுத்தோடும் அதே ஆண்டோடும் அடித்துவந்தார்கள். ஆண்டை மட்டும் நம்பினால் 19ஆம் நூற்றாண்டுக் காசை 18ஆம் நூற்றாண்டினதாகக் கொள்ள நேரும். தாமரை போன்ற சிறு அடையாளங்களே அங்கே வழிகாட்டும். பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் அடித்த ஆர்க்காட்டு ரூபாய்க்குப் பிறை அடையாளம் உண்டு.

திப்புவின் காசில் சிக்கல் வேறுவிதமானது. யானை நிற்கும் அவருடைய செப்புக்காசுகளை யாரும் எளிதில் இனங்கண்டுவிடலாம். ஆனால் 1787ஐ ஒட்டி, ஹிஜ்ரியை விட்டு, நபிகள் நாயகத்தின் பிறப்பிலிருந்து எண்ணும் மௌலூதி என்ற சகாப்தத்தை அவர் நிறுவி, அதன் எண்களை வலமிருந்து இடமாக எழுதச் செய்தார். 1215 என்று பொறித்த காசை ஹிஜ்ரியாகக் கணக்கிட்டால் அது 1800ஐத் தாண்டிப் போகும். திப்புவோ 1799இலேயே போர்க்களத்தில் உயிர்நீத்தவர். தந்தை ஹைதரின் பொன் வராகனிலோ ஒரு புறம் சிவபார்வதி உருவமும், மறுபுறம் அவர் பெயரின் முதலெழுத்தும் இருக்கக் காண்கிறோம். குடிகள் பழகிய பொன்னின் முகத்தை மாற்றாது விட்ட அந்த விவேகத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

எல்லாவற்றினும் அரியவை மதுரைச் சுல்தான்களின் காசுகளே. டில்லித் துக்ளக்குகளின் பிரதிநிதியாயிருந்த ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா 1335ஐ ஒட்டிச் சுதந்திரம் கொண்டு தம் பெயரில் நாணயம் வெளியிட்டார். அவர் மகளை மணந்த மொராக்கோ யாத்திரிகர் இப்னு பதூதா தம் பயணநூலில் அந்நாணயத்தின் வாசகத்தையே குறித்துவைத்திருப்பது ஆராய்ச்சியாளர்க்குப் பெரும் பேறு: நபியின் வழித்தோன்றல் என்றும், ஏழை எளியோரின் தந்தை என்றும் சுல்தான் அதில் தம்மைச் சொல்லிக்கொண்டாராம். இக்காசுகளை அறிஞர்களான ராட்ஜர்ஸ் 1895இலும் ஹூல்ஷ் 1909இலும் படித்து வெளியிட்டபோதுதான், அவ்வரசர்களின் வரிசை நிலையான ஆதாரம் பெற்றது. விஜயநகரத்துக் குமார கம்பணர் 1371ஐ ஒட்டி மதுரையைக் கைப்பற்றினார் என்று பொதுவாக எழுதுவார்கள். ஆனால் கடைசிச் சுல்தானாகிய சிக்கந்தர் ஷாவின் பெயரோடு ஹிஜ்ரி 779, அதாவது 1377-78, பொறித்த காசு கிடைத்திருக்கின்றது. தோல்வியுற்றபின்னும் எங்கோ ஒரு மூலையில் அவர் அரசு நீடித்திருக்கவேண்டும் என்பதே என் அபிப்பிராயம். காவியமும் கதையும் வெற்றியின் ஆண்டோடு நின்றுவிடுகின்றன, காசு நிற்பதில்லை.

அவ்வறிஞர்கள் கண்ட வரிசையில் ஹிஜ்ரி 745க்கும் 757க்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. நாசிருத்தீன் என்ற சுல்தானுக்கும் அடுத்து வரும் ஆதில் ஷாவுக்கும் இடைப்பட்ட அவ்வாண்டுகளில் மதுரையை ஆண்டவர் யார் என்பதைச் சொல்லக்கூடிய சாட்சி, கலப்பு வெள்ளியாலோ செம்பாலோ ஆன சிறு காசாகவே இருக்கக்கூடும். ஆகவேதான், அகப்பட்ட காசைப் பளபளப்பாக்கப் புளியிட்டுத் தேய்ப்பவர்களிடமும், தாயத்தில் அடைக்கத் துளையிடுபவர்களிடமும், எடைக்குப் போட்டு உருக்குபவர்களிடமும், ஓரத்திலுள்ள எண்களைத் தொடாதீர்கள் என்று நான் மன்றாடுகிறேன். தண்ணீரில் மண்ணை மட்டும் கழுவி, ஒளி சாய்ந்து விழும்படி வைத்து இரு பக்கமும் படம் எடுத்து, கண்டெடுத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு, 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் விதிக்கும்படி கலெக்டருக்குத் தெரிவித்தால், அது சென்னை அருங்காட்சியகத்து நாணயத் தொகுதியோடு ஒப்பிட்டுப் படிக்கப்படும்.