உலக்கைப் பூணும் விமான இறகும்

உலக்கையின் நுனியில் இரும்புப் பூண் இடுவது நம் நாட்டின் பழைய தொழில். மரத்தின் இயல்பு ஒன்று. இரும்பின் இயல்பு மற்றொன்று. இரண்டும் பிரியாமல் உழைத்தால்தான் உலக்கை பயன்படும். இதே சிக்கல் பெங்களூர் விமானத் தொழிலிலும் எழுந்தது. அந்த வரலாற்றைச் சிறிது காண்போம்.

1940-ஆம் ஆண்டில் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் அரசின் துணையோடு, பெங்களூரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையை நிறுவினார். வி. எம். காட்கே தலைமையில் அங்கு வடிவமைக்கப்பெற்ற எச்.டி.-2 பயிற்சி விமானம் 1951 ஆகஸ்டு 5 அன்று முதன்முதலாகப் பறந்தது. அதன் உடல் உலோகத்தால் ஆனது. தகடுகளைத் துளையிட்டுத் தறையாணியால் இணைத்தனர். துளையைச் சுற்றிச் சுமை மிகும்போது உலோகம் சற்றே நெகிழ்ந்து, அச்சுமையை அண்டைப் பகுதிக்கும் பங்கிட்டுவிடும்.

1960-களில் இங்கிலாந்தின் பார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தில் வலிமை மிக்க கரியிழை உருவாயிற்று. அதைப் பிசினில் தோய்த்து இறுக்கினால் அலுமினியத்தினும் இலேசான, உறுதியான பொருள் கிடைக்கும். ஆனால் அது மூங்கிலைப் போன்றது. நீளவாக்கில் வலியது, குறுக்கே பிளப்பது எளிது. துளையிட்டால் இழை அறும்; உலோகத்தைப்போல் நெகிழ்ந்தும் கொடாது. ஆகவே பல இடங்களில் பசையை நாட வேண்டியதாயிற்று.

கரியிழைக் குழாய் ஒன்றை உலோகப் பூணில் செருகி ஒட்டி, மறுமுனையில் பாரம் ஏற்றுவதாகக் கொள்வோம். குழாய் வளையும். பூணின் வாயில் ஒரு பக்கம் அழுந்தும். எதிர்ப்பக்கம் உரிந்து விலக முயலும். பசைக்கு இந்த உரிப்பே பெரும் பகை. ஒட்டின் ஓரங்களிலேயே சுமை குவியும் என்பதை 1938-இல் ஜெர்மானியரான வோல்கர்சன் கணக்கிட்டார். வளைவின் விளைவை 1944-இல் கோலண்டும் ரைஸ்னரும் அமெரிக்காவில் ஆராய்ந்தனர். குழாயை ஆழமாகச் செருகுவதும், பூணின் வாயைப் படிப்படியாக மெலிவித்து அதுவும் உடன் வளையுமாறு செய்வதும் இதற்குரிய பரிகாரங்களாம்.

இன்னும் இரு பகைகள் உண்டு. நூறு பாகை வெப்பம் ஏறினால் ஒரு மீட்டர் அலுமினியம் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். கரியிழையோ இழைவழியே ஏறக்குறைய நீளாது. ஈரம் பட்டால் இவ்விரண்டும் மின்கலம்போல் இயங்கி அலுமினியம் அரிக்கப்படும். ஆதலின் இடையே கண்ணாடியிழைப் படலம் வைப்பர். அல்லது டைட்டேனியத்தைக் கையாள்வர்.

1959-இல் தொடங்கிப் பின்னர் பெங்களூரில் நிலைபெற்ற தேசிய விமான ஆய்வுக்கூடம் இத்துறையில் பெரும்பணி ஆற்றியது. 2001 ஜனவரி 4 அன்று பெங்களூரில் முதன்முதலாகப் பறந்த தேஜஸ் போர் விமானத்தின் கட்டமைப்பு எடையில் ஏறத்தாழ 45 விழுக்காடு இத்தகைய கூட்டுப்பொருளே. விமானம் திரும்பும்போது இறகை வளைக்கும் விசை முழுவதும் இறகின் அடியில், உடலோடு சேரும் மூட்டில் வந்து இறங்கும்.

ஒட்டிய மூட்டின் உறுதியைக் கண்ணால் அறிய இயலாது. ஒலியலைச் சோதனை இடைவெளியைக் காட்டும்; பிடிப்புத் தளர்ந்த பசையைப் பல வேளைகளில் காட்டாது. ஒட்டுமுன் பரப்பைத் துடைத்துத் தூய்மை செய்த தொழிலாளியின் கையே விமானியின் உயிருக்குக் காப்பு. பெங்களூர்த் தொழிற்கூடங்களில் அவ்வாறு உழைத்தவருள் தமிழரும் உண்டு என்பதை நாம் நினைவிற் கொள்வோமாக.